பின்னணியில் தாய்மாமன்

ஜனவரி 5, ஞாயிறு

முடிவெடுத்துவிட்டேன். நல்ல லென்ஸ் ஒன்று வாங்குவது. எது என்பதில்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். பிப்ரவரி பதினாறாம் தேதி இதழினிக்குக் காதுகுத்து. எங்கள் குலசாமி கோவிலில் மொட்டையடித்துக் காது குத்தி, கிடா வெட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போடப் போகிறோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, அழுகைக்குத் தயாராக உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருக்கப் போகும் அந்த முகம் ஆயுளுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். அதை ஏனோதானோவென்று எடுக்க எனக்கு மனம் வராது.

கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் நல்ல பிள்ளைதான். வெளிச்சம் குறைந்தால் மட்டும் படுத்துவிடும். எங்கள் கோவில் இருப்பதோ ஆலமரத்தடியில், உச்சி வெயிலிலும் இருட்டு. அதனால்தான் ஜூம் ஆகாத, ஆனால் கண்ணை அகலத் திறக்கிற லென்ஸ் வேண்டும். எஃப் 1.8, எஃப் 1.4 என்றெல்லாம் அதன்மேல் போட்டிருக்கும். அந்த எண் குறையக் குறைய உள்ளே இருக்கும் துவாரம் பெரிது. முகம் பளிச்சென்று விழும், பின்னால் உள்ளதெல்லாம் வெண்ணெயாக உருகிவிடும். போட்டியில் இருப்பவர்கள் மூவர்: ஐம்பது எம்.எம். எஃப் 1.8; எண்பத்தைந்து எம்.எம். எஃப் 1.8, அதே எண்பத்தைந்தில் எஃப் 1.4. கடைசி ஆள் ராஜா. எடையும் ராஜா எடை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று ஊரைக் கேட்பவன் நான். ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியாதா?

என் மனைவி ரஞ்சனியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டாள். கடைசியில், "லென்ஸ் கெடக்கட்டும். அண்ணன எப்ப அழைக்கப் போறோம்?" என்றாள்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது. அந்தத் தாய்மாமனை போனில் அழைத்தால் அது அழைப்பே இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகத் தாம்பூலத் தட்டோடு வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

"லென்ஸ் முடிவாகட்டும், போவோம்" என்றேன்.

ரஞ்சனியின் அண்ணன் பெயர் அழகுராஜா. வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். எனக்கும் அவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. ரஞ்சனியின் வளைகாப்பில் நான் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டேனாம். அதையெல்லாம் எழுதி இந்த நோட்டை நிரப்ப வேண்டியதில்லை.

ஜனவரி 8, புதன்

இணையத்தில் இதுவரை பதினேழு விமர்சனங்கள் பார்த்தாயிற்று. பதினேழு பேரும் பதினேழு விதமாகச் சொல்கிறார்கள். பொழுது நன்றாகப் போகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

ஐம்பது எம்.எம். ஒன்று இரவல் கிடைத்தது. எங்கள் கடையில் பில் போடும் அருள்சாமி புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார். காரோடு சேர்த்து அவரை ஒரு படம் எடுத்தால் சோதனையும் ஆயிற்று, நட்பும் ஆயிற்று என்று கிளம்பினேன்.

மாலை போட்ட காரின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எஃப் 1.8-இல் எடுத்தேன். மனிதரின் மீசையை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பின்னால் பச்சையாக ஒரு குழம்பு. எனக்குப் புல்லரித்தது.

அருள்சாமி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"காரு எங்கப்பா?"

"பின்னாடி இருக்குண்ணே. முகம் எடுப்பாத் தெரியணும்னு பின்னணிய மங்கலாக்கிருக்கேன்."

"தம்பி சீலா, இந்த மூஞ்சி எங்கிட்ட நாப்பத்தாறு வருசமா இருக்கு. காருதான் போன வாரம் வந்துச்சு."

பிறகு என் போனிலேயே ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அதில் கார், மாலை, எதிர்வீட்டுச் சுவர், சுவரில் காய்ந்த வேட்டி எல்லாம் தெரிந்தன. மனிதர் மகிழ்ந்துபோனார். ரசனை இல்லாத ஊர்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பொறந்த வீட்டுச் சீர் வந்தது. கரும்பு, மஞ்சள் கொத்து, பானை, ஒரு தார் சிறுமலை வாழைப்பழம். மாமியார்தான் கொண்டுவந்தார். அவரை பைக்கில் ஏற்றிவந்த ஆள் தெருமுனையிலேயே இறக்கிவிட்டார், வீட்டுக்கு வரவில்லை. நான் மாடியிலிருந்து பார்த்தேன். கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாமியார் நடந்து வர, அந்த பைக் முனையிலேயே கொஞ்ச நேரம் நின்றது. எங்கள் வாசலில் இதழினி கோலப்பொடியை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போனதும் பைக்கும் போய்விட்டது.

கரும்பை ஐம்பதில் எடுத்துப் பார்த்தேன். கணுக்கள் அருமையாக விழுந்தன.

ஜனவரி 19, ஞாயிறு

மதுரையில் லென்ஸ் வாடகைக்கு விடும் கடையில் எண்பத்தைந்து எஃப் 1.8 எடுத்துவந்தேன். இதில் ஒரு சிக்கல். எம்.எம். எண் கூடக் கூட ஆளை விட்டு விலகி நிற்க வேண்டும்; எண்பத்தைந்து என்றால் எட்டடி, பத்தடி. எங்கள் ஹால் மொத்தமே பதினொரு அடி, அதில் சோபா மூன்றடி. இதழினியை டிவிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போனேன். சோபா இடித்தது. சுற்றிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். ஃபிரிட்ஜ் முதுகில் இடித்தது. ஃபிரிட்ஜுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் செருகிக்கொண்டு எடுத்தேன். அப்பாவை எங்கே காணோம் என்று பிள்ளை எழுந்து வந்துவிட்டது.

"பெத்த புள்ளைய எடுக்க அடுத்த வார்டுக்குப் போய் நிக்கிறீங்க" என்றாள் ரஞ்சனி.

"முகம் இயல்பா விழணும்னா தூரம் வேணும்டி."

"ஒங்களுக்குத் தூரம்னா நல்லாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்லியிருப்பாள்.

ஜனவரி 20, திங்கள்

இன்று கடைக்கு லீவு போட்டிருந்தேன். வத்தலக்குண்டு போகலாமா என்றாள். லென்ஸைத் திருப்பிக் கொடுக்க மதுரை போகவேண்டியிருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

கொடுக்க வேண்டிய லென்ஸ் எதுவும் இல்லை. கடையும் லீவு. பல்வலி என்று சொல்லிப் பார்த்தேன். கிராம்பு கொடுத்துக் கிளப்பிவிட்டாள்.

வழியெல்லாம் பஸ்ஸில் பேச்சைத் தயார் செய்தேன். 'மச்சான், பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க' என்று தொடங்குவதா, 'மச்சான், நல்லா இருக்கீங்களா' என்று தொடங்குவதா? முதலாவதில் அவர்மேல் பழி விழுகிறது. இரண்டாவதில் எதுவுமே நடக்காததுபோல் ஆகிறது. செம்பட்டி வருவதற்குள் நாலு தொடக்கங்கள் கைவசம் இருந்தன.

வாசலுக்கு வந்து, "வா தாயி" என்று தங்கையைக் கூப்பிட்டார். எனக்கு ஒரு "வாங்க." அது என் முகத்துக்கு வரவில்லை, எனக்குப் பின்னால் இருந்த மின்கம்பத்துக்குப் போனது. ஆள் கொஞ்சம் நரைத்திருக்கிறார். இதழினி ரஞ்சனியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அவர் ஒரு பழத்தை உரித்து நீட்டிக்கொண்டே வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வாங்கவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அவர் யாரோ ஒரு ஆள். பிறகு அந்தப் பழத்தை அவரே தின்றார்.

ரஞ்சனி தட்டை நீட்டினாள். இப்போது நான் பேச வேண்டும். நாலு தொடக்கங்களில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"மண்டியெல்லாம் எப்படிப் போகுது?" என்றேன்.

"போகுது" என்று தலைக்குமேல் சுற்றிய காத்தாடியைப் பார்த்துச் சொன்னார்.

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். காபி முடிந்தது. மச்சான் தட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்.

"தாய்மாமன் இல்லாம காது குத்துவாகளா? வர்றேன் தாயி. தோடு, சட்டை, மாலை எல்லாம் எம்பொறுப்பு. மடியில வச்சுக்கிறேன். ஆனா ஒண்ணு. என்னைய போட்டோ எடுக்கக் கூடாது."

"ஏண்ணே?"

"எடுக்க வேணாம்னா வேணாம். புள்ளைய எடுக்கட்டும். எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

கோபமாகச் சொல்லவில்லை. வாழைத்தாருக்கு விலை சொல்வதுபோல் சொன்னார். வருகிறேன் என்று சொல்லிவிட்டார் அல்லவா, அதுவே பெரிது. இதைவிட நல்லபடியாக முடியுமா?

திரும்பும்போது ரஞ்சனி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சாலையோரத் தென்னந்தோப்பை எந்த லென்ஸில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். சரி, யோசிக்கவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

காலையில் டிபனுக்கு உட்கார்ந்தால், தட்டு இருக்க வேண்டிய இடத்தில் வளைகாப்பு ஆல்பம் இருந்தது.

"பாருங்க" என்றாள். பார்த்தேன். அந்தக் காலத்தில் எனக்குச் 'சுத்தமான பின்னணி' என்று ஒரு பைத்தியம். சட்டத்துக்குள் ஒரு டம்ளர் வேண்டாமல் நின்றாலும் வெட்டிவிடுவேன். ரஞ்சனி அம்சமாக இருக்கிறாள். வளையல், பூ, சந்தனம் எல்லாம் எடுப்பாக விழுந்திருக்கின்றன.

"இதுல எங்கண்ணன் எங்க இருக்கு?"

இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். இட்லி ஆறும்வரை தேடினேன். ஒன்றில் வளையல் தட்டைப் பிடித்திருக்கும் கை, முழங்கை வரைக்கும். இன்னொன்றில் முதுகு. அன்றைக்குச் சீர் சுமந்து வந்தவர் அவர். மண்டபம் பார்த்தவர், ஐந்து வகைச் சோறு ஆக்கிப் போட்டவர், எல்லாம் அவர்தான். அவரை வெட்டியது என் கைதான்.

எழுதிவிடுகிறேன். அன்றைக்குத் தங்கை கன்னத்தில் சந்தனம் பூச அவர் வந்து நின்றார். வேர்த்துப் போயிருந்தார், சட்டையெல்லாம் சாம்பார் தெறித்திருந்தது. நான் கேமராவுக்குப் பின்னால் இருந்து சொன்னேன்: "மச்சான், கொஞ்சம் தள்ளிக்கங்க. ஒங்களாலதான் பேக்ரவுண்டே கெடுது." நான் சொன்ன நேரம் பார்த்து மேளம் நின்றிருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தள்ளிப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். விழா முடியும்வரை அங்கேயே நின்றார்.

அவரும் சிரித்ததால் அது அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன். பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு அவர் வரவில்லை. அப்போதுதான் முடியவில்லை என்று தெரிந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் மாதம் வெட்கமாக இருந்தது. ஆறாவது மாதம், அவரே வரட்டுமே என்று இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

ஆறின இட்லியைத் தின்றுவிட்டுக் கடைக்குப் போனேன்.

பிப்ரவரி 1, சனி

கண்டுபிடித்துவிட்டேன்! எனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை?

மச்சானை எடுக்கக் கூடாது. பிள்ளையை எடுக்க வேண்டும். பிள்ளை இருப்பதோ மச்சான் மடியில். ஜூம் லென்ஸில் எடுத்தால் அவரும் விழுவார், வாக்குத் தவறும். ஆனால் எண்பத்தைந்து எஃப் 1.4-இல் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே மூன்று விரற்கடை. பிள்ளையின் கண்ணைக் குறிவைத்தால், ஒரு அடி பின்னால் இருக்கும் மச்சான் முகம் கரைந்துவிடும். அவர் இருப்பார், ஆனால் இருக்க மாட்டார். அவர் பேச்சும் காப்பாற்றப்படும், என் படமும். லென்ஸ் விவகாரமும் தீர்ந்தது. ராஜாதான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சோதித்தேன். பக்கத்துக் கடையில் அதே லென்ஸ் வைத்திருக்கும் கல்யாண போட்டோகிராபரிடம் அரைமணி நேரம் கெஞ்சி வாங்கினேன். அருள்சாமியை ஸ்டூலில் உட்காரவைத்து மடியில் இதழினியின் கரடி பொம்மையைக் கொடுத்தேன். கண் பரிசோதனைக்கு வந்த இரண்டு பெண்மணிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அருள்சாமி கரடியைத் தட்டித் தூங்கவைத்துக் காட்டினார்.

படத்தில் கரடியின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. அருள்சாமி மேகம்.

"என் பொண்டாட்டியே கண்டுபிடிக்க மாட்டா" என்றார். "ஆனா சீலா, காரையும் காணாமப் பண்ணுன. இப்ப என்னையும் காணாமப் பண்ற. ஒன்னய நம்பி ஒரு பொருள ஒப்படைக்க முடியாது போல."

பிப்ரவரி 2, ஞாயிறு

ரஞ்சனியிடம் கரடிப் படத்தைக் காட்டி விளக்கினேன். துவாரம், ஆழம், விரற்கடை எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அன்னைக்கு வெட்டுனீங்க. இப்ப கரைக்கப் போறீங்க. அவ்வளவுதானே?"

"அவருதானடி எடுக்க வேணாம்னு சொன்னாரு!"

"அவரு எதுக்குச் சொன்னாருன்னு ஒங்களுக்குத் தெரியாது, பாவம்."

மதுரைக்குப் போன் போட்டு, பதினாறாம் தேதிக்கு எஃப் 1.4-ஐ வாடகைக்குப் பதிந்து வைத்தேன். பிடித்துப்போனால் பிறகு சொந்தமாகவே வாங்கிக்கொள்வது.

பிப்ரவரி 11, செவ்வாய்

பந்தல், பாத்திரம், பூசாரி, காது குத்தும் ஆசாரி, கிடா. எல்லாம் ஏற்பாடாகிவிட்டன. கிடாவுக்கு இதழினி பெயர் வைத்துவிட்டாள். இது வேறு தலைவலி.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை ஆறு மணி. பேட்டரி இரண்டு, கார்டு மூன்று, ராஜா ஒன்று. வேன் வந்துவிட்டது.

பிப்ரவரி 17, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். கால் கை எல்லாம் வலி, மூக்கு வீங்கியிருக்கிறது. நடந்ததை எழுதுகிறேன்.

மச்சான் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். வேன் நிறையச் சீர். பட்டுப்பாவாடை, மாலை, பழத்தட்டுகள், சின்னப் பெட்டியில் ஒரு ஜோடித் தங்கத் தோடு. மேளத்தோடு நடந்து வந்தார். நான் தூரத்தில் இருந்து தட்டுகளை மட்டும் எடுத்தேன். வாக்குக்குக் கட்டுப்பட்டவன்.

மொட்டை போட்டு, குளிக்க வைத்து, சந்தனம் பூசினார்கள். இதழினி அதுவரை சமர்த்துதான். ஆலமரத்தடியில் பாய் விரித்து மச்சான் சம்மணம் போட்டு உட்கார, ரஞ்சனி பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். பிள்ளை நிமிர்ந்து அவர் மீசையைப் பார்த்தது. இவர் யார் என்ற சந்தேகம் அதன் முகத்தில் வந்தது. மச்சான் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சிறுமலைப் பழத்தை எடுத்துப் பாதி ஒடித்துக் கொடுத்தார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டாள்.

நான் பத்தடி தள்ளி முட்டி போட்டேன். எஃப் 1.4. குறி பிள்ளையின் கண். ஆசாரி காதைத் தடவி, ஊசியை எடுத்தார். கூட்டம் குலவை போட்டது. குத்தின நொடியில் அமுக்கினேன்.

கிடைத்துவிட்டது. திரையில் பார்த்தேன். அப்படி ஒரு படம் நான் எடுத்ததே இல்லை. கண்ணீர் இன்னும் விழவில்லை, வாய் மட்டும் திறந்திருக்கிறது, கன்னத்தில் வாழைப்பழம். நெற்றிச் சந்தனத்தில் விரல் தடம்கூடத் தெரிகிறது.

பின்னால் மச்சானைத் தேடினேன். கரைந்த முகம் இருக்கும் என்றுதானே கணக்கு? முகமே இல்லை. சட்டை இருந்தது, கழுத்து இருந்தது. அதற்குமேல் ஆலமரம்.

கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தேன். மனிதர் பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் பக்கவாட்டில் முடிந்த மட்டும் சாய்த்து வைத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கூட்டம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி ஆலம் விழுதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மருமகள் காது குத்தினதை அவர் பார்க்கவே இல்லை.

"மச்சான், ஏன் சாயுறீங்க? மூஞ்சிய உள்ள கொண்டாங்க" என்றேன்.

"இருக்கட்டும் மாப்ள. படம் கெட்டுரும்."

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே அதை நினைத்துத்தான் சொன்னார். பிள்ளையின் படம் நன்றாக வர வேண்டும், அதற்குத் தன் முகம் இடைஞ்சல் என்று. மூன்று வருஷமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறார். வாழ்க்கையில் நான் இவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை.

எழுந்து நின்றேன். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. பஸ்ஸில் தயார் செய்த நாலு தொடக்கங்களும் எங்கே போயினவோ.

"கெடாது மச்சான். அன்னைக்கும் ஒங்களால கெடல. நாந்தான் கெடுத்தேன். எல்லாரு முன்னாடியும் சொன்னேன்ல, எல்லாரு முன்னாடியும் கேக்குறேன். நான் சொன்னது தப்பு. என்னைய மன்னிச்சிருங்க."

மேளம் நின்றுபோயிருந்தது. இந்த மேளக்காரர்களுக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று நன்றாகவே தெரிகிறது. ரஞ்சனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மச்சான் என்னையே பார்த்தார். மின்கம்பத்தையோ காத்தாடியையோ பார்க்கவில்லை.

ஆசாரி தொண்டையைச் செருமினார். "பேசி முடிச்சாச்சுன்னா இன்னொரு காதையும் குத்திரலாம். எனக்கு அடுத்த கோவிலுக்குப் போகணும்."

அந்த நேரம் பார்த்து இதழினிக்கு வலி உறைத்துவிட்டது. போட்டாள் ஒரு சத்தம். கையை உதறுகிறாள், காலை உதைக்கிறாள், பழம் பறக்கிறது. மச்சானால் பிடிக்க முடியவில்லை.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்! மொதல்ல வந்து காலப் புடிங்க மாப்ள!"

கேமராவைக் கழற்றிப் பழத்தட்டில் வைத்துவிட்டு ஓடினேன். கால் இரண்டையும் பிடித்தேன். ஒன்று நழுவி என் மூக்கில் உதைத்தது. தலையை மச்சான் அணைத்துப் பிடித்திருந்தார். அவர் முகமும் என் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. வியர்வை, சந்தனம், வாழைப்பழ வாசனை. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு மூக்கிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. ஆசாரி இரண்டாவது காதைக் குத்தினார். தோட்டை மச்சானே திருகிப் போட்டார்.

அதை யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, மருமகளைத் தோளில் தூங்கவைத்துக்கொண்டு வேன் பக்கம் நின்றிருந்தார் மச்சான். என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இப்ப வேணா எங்க ரெண்டு பேத்தையும் ஒண்ணு எடுங்க."

கேமராவை எடுத்தேன். எண்பத்தைந்து. பின்னால் போனேன். இன்னும் பின்னால் போனேன். பாத்திரம் கழுவும் இடத்தையும் தாண்டிப் போனேன். எனக்கும் அவருக்கும் நடுவில் பாதிச் சனம் போய்வந்துகொண்டிருந்தது. யாராவது ஒருவர் தலை குறுக்கே வந்தது. ஒரு படமும் உருப்படியாக விழவில்லை.

"எங்க மாப்ள போய்க்கிட்டே இருக்கீங்க?" என்று அங்கிருந்து கத்தினார். "பக்கத்துல நின்னு எடுக்குற மாதிரி ஒண்ணும் விக்கலையா?"

"விக்குது மச்சான்" என்று இங்கிருந்து கத்தினேன்.

இன்று காலை ரஞ்சனியோடு உட்கார்ந்து எல்லாப் படங்களையும் பார்த்தோம். முதல் காதுப் படத்தை வெகுநேரம் வைத்திருந்தாள். நன்றாக இருக்கிறது என்றாள், ஆனால் பிரிண்ட் போட வேண்டாம் என்றாள். இரண்டாவது காதுக்குப் படம் இல்லையே என்று நான் வருத்தப்பட்டேன்.

"அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். என் மூக்குக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

பிப்ரவரி 19, புதன்

ராஜாவை மதுரையில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்கிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். அருமையான லென்ஸ்தான், எனக்கு வேண்டாம் என்றேன். முப்பத்தைந்து எம்.எம். எஃப் 1.8 வாங்கினேன். பதினேழு விமர்சகர்களில் ஒருவர்கூட முகம் எடுக்க இதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

வத்தலக்குண்டு. நான் மட்டும் போனேன். பல்வலி இல்லை.

மண்டியில் தார்களுக்கு நடுவில் மச்சான் பலகையில் உட்கார்ந்திருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தலையை மட்டும் கையால் கோதிக்கொண்டார்.

முப்பத்தைந்தில் முகம் நிறைய விழவேண்டுமானால் ஆள் விடும் மூச்சு நம்மேல் படுகிற அளவுக்குப் போக வேண்டும். போனேன். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்தார், இருமினார், "இவ்வளவு கிட்டயா?" என்றார். எனக்கும் கூச்சம்தான். இருவருமாகச் சிரித்து ஓய்ந்த இடத்தில் அமுக்கினேன்.

திரையைப் பார்த்தேன். கண், நரை, நெற்றித் தழும்பு எல்லாம் இருக்கின்றன. பின்னால் தார்களும் தராசும்கூடத் தெரிகின்றன. ஆனால் இவ்வளவு கிட்டத்தில் போனால் இந்த லென்ஸ் ஒரு வேலை செய்யும். முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதை ஊதிப் பெரிதாக்கிவிடும்.

"மச்சான், மூக்கு கொஞ்சம் பெரிசா விழுந்திருச்சு. ஒரு அடி தள்ளிப் போய் இன்னொண்ணு எடுக்குறேன்."

கேமராவை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வேணாம் மாப்ள, இதையே குடுங்க" என்றார். "இத்தன நாளா ஒரு படத்துலயும் இல்லாமயே இருந்துட்டேன். இப்பக் கொஞ்சம் பெரிசாத்தான் இருந்துட்டுப் போறேனே."